பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி வேலை: சேலம், ஏற்காடு பள்ளி ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 ஏப்ரல். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் பள்ளி நடந்துகொண்டிருந்தது. வாசலில் காய்ச்சல் பார்த்து, பெஞ்சுக்கு ஒருவராகப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். யாருக்காவது மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினால் ஏற்றிப் போடச் சொன்னோம். மதிய மணி அடித்ததும் நாங்கள் பதினொரு பேர் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, குழம்பையும் பொரியலையும் பகிர்ந்து சாப்பிட்டோம். குரங்குக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். ஏற்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஒரே வாரத்தில் ஐந்து பேர் படுத்தோம். நான் பதினேழு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பதினேழு நாள் சம்பளமும் பிடித்தம் ஆனது. மாதாமாதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் போயும் எனக்குச் சேர வேண்டிய தொகை கைக்கு வர நான்கு மாதம் ஆனது. எங்கள் ஆயாம்மாவுக்கு ஒன்றுமே வரவில்லை. அவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

அதற்கு அப்புறம் எங்கள் பள்ளி ஊழியர் ஒவ்வொருவருக்கும் கோப்பு போட்டுக் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர், கிளார்க், லேப் உதவியாளர், ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர், சத்துணவு சமையலர் என்று பள்ளி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். அடுத்து வருவது கொரோனாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காற்றில் பரவும் எந்தத் தொற்றுக்கும் இதே வேலைகள்தான். இவற்றில் பாதிக்கு மேல், ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாதபோதே முடித்து வைக்க வேண்டியவை.

1. முதலில் நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்று பாருங்கள்

வேலையில் சேர்ந்த முதல் மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் நிரந்தரப் பணி என்றால் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கும். 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்கள். நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதில் பலரும் தடுக்கி விழும் இடம் குடும்பப் பட்டியல். திருமணம் ஆகாதவருக்குப் பெற்றோர் சேர்வார்கள். திருமணம் ஆனதும் கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ சேர்வார்கள், பெற்றோர் விலகிவிடுவார்கள். கல்யாணம் ஆகி மூன்று ஆண்டு கழித்தும் அட்டையில் அப்பா அம்மா பெயரே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு அதைத் திருத்த முடியாது.

தனியார் பள்ளியில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. உங்களுக்குண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். அப்போது என் சம்பளம் 14,000. என்னிடம் 105 ரூபாய், நிர்வாகம் 455 ரூபாய். சீட்டில் உங்கள் பங்கைவிட அதிகமாகப் பிடித்திருந்தால், நிர்வாகத்தின் பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அது சட்டப்படி தவறு.

இரண்டிலும் வராதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்புறம் சேலம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்கு நேரில் போக வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து வருபவருக்கு அது ஒரு நாள் கூலி. அதனால் பள்ளியில் நான்கைந்து பேர் சேர்ந்து, எல்லாத் தாளையும் சரிபார்த்துக்கொண்டு, ஒரே நாளில் இறங்கிப் போய் வாருங்கள். ஒருவர் தாளில் குறை இருந்து திரும்பி வந்தால், இரண்டாம் முறை அவர் போகவே மாட்டார். என் அனுபவம் இது.

2. இ.எஸ்.ஐ.யில் சேர்த்துவிட்டோம் என்று சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்

நான் நான்கு மாதம் அலைந்தது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்குப் பத்து இலக்கக் காப்பீட்டு எண் இருக்கும். அதை வாங்கி, இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நீங்களே உள்ளே போய் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

பெயரும் இனிஷியலும் முதலாவது. ஆதாரில் அப்பாவின் இனிஷியல், வங்கியில் கணவரின் இனிஷியல், இ.எஸ்.ஐ.யில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் பணம் வங்கிக்குள் நுழையாது. எனக்கு அதுதான் நடந்தது. மூன்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். ஆதாரை முதலில் திருத்தி, மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ப மாற்றுவது சுலபம்.

இரண்டாவது, மருந்தகம். உங்களுக்கு எந்த இ.எஸ்.ஐ. மருந்தகம் என்று அதில் போட்டிருக்கும். மருத்துவரைப் பார்ப்பதும் நோய்ச் சான்று வாங்குவதும் அங்கேதான். எங்கள் நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் வேறு மாவட்டத்தில் இருந்ததால், எல்லாருக்கும் அங்கேயே போட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு இருப்பவர் இன்னொரு மாவட்டத்துக்குப் போய்ச் சான்று வாங்க முடியுமா? சேலத்திலேயே மருந்தகமும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குடும்பத்தினர் பெயர்கள். நான்காவது, ஒவ்வொரு மாதமும் கட்டிய நாட்கள். சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பது இதில்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

இப்போது காலக் கணக்கு. நோய்க்கால உதவித்தொகை வேண்டுமானால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலோ அக்டோபர் முதல் மார்ச் வரையிலோ உள்ள பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர்–மார்ச்சுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. முதன்முறை சேர்பவருக்கு உதவித்தொகை கிடைக்க ஒன்பது மாதம் ஆகும். ஆனால் மருத்துவச் சிகிச்சை தொடக்கத்திலிருந்தே உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவருக்கு எதுவுமே கிடையாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு.

தொகை, சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. முதல் இரண்டு நாட்களுக்குக் கிடைக்காது. என் சம்பளத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 325 ரூபாய் வந்தது. பதினேழு நாளில் முதல் இரண்டும், நான் ஆன்லைன் வகுப்பு எடுத்த மூன்றும் போகப் பன்னிரண்டு நாளுக்கு 3,900 பக்கம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஒரு மாத வீட்டு வாடகை கட்ட அது போதும்.

3. கோப்பு போடுங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும், முப்பது நாற்பது ரூபாய்தான். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், காப்பீட்டு அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், தடுப்பூசிச் சான்று, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் போன்றவை இருந்தால் அதற்கான மருத்துவச் சீட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு நகல்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இருந்தால் நாமினியைச் சரிபாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரைக் கொடுத்திருந்தால், கல்யாணத்தோடு அந்த நியமனம் செல்லாமல் போய்விடும். புதிதாகக் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கொரோனா இறப்புக்கு 50,000 ரூபாய் நிவாரணம் கேட்டபோது தொற்று உறுதியான அறிக்கையையும் கேட்டார்கள். அந்தத் தாள் வீட்டில் யாருக்கும் தெரியாத போனில் மட்டும் இருந்ததால் அலைந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

4. ஸ்டாஃப் ரூம் காற்று

மாணவரிடமிருந்து நமக்கு வரும் என்றுதான் பயப்படுகிறோம். எங்கள் பள்ளியில் அது எங்களுக்குள்ளேயேதான் பரவியது. நம் எல்லாருக்கும் மாஸ்க் இறங்கும் ஒரே இடம் ஸ்டாஃப் ரூம்.

முதலில் ஒரு சோதனை. அறையின் நடுவே ஊதுபத்தி ஒன்றை ஏற்றி வையுங்கள். புகை ஒரு பக்கமாக நகர்ந்து வெளியேறினால் காற்று ஓடுகிறது. நேராக மேலே போய் அங்கேயே மிதந்தால், அந்த அறையில் கூடிச் சாப்பிடாதீர்கள். சீலிங் ஃபேனை மட்டும் போட்டால் அதே காற்றைத்தான் சுற்றிவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம். பன்னிரண்டு அங்குல ஃபேன் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய், மாட்டுக் கூலி தனி. அளவு பார்க்க ஒரு கணக்கு: ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையில் 90 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து முறையாவது காற்று மாற வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் சொன்னது. அப்படியானால் மணிக்கு 450 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் வெளியேற்றும் அளவு அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடாதீர்கள். ஜன்னல் வழியே வரும் காற்றை அப்படியே வெளியே தள்ளிவிடும், அறைக்குள் இருக்கும் காற்று அசையாது. எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும்.

ஏற்காட்டுப் பள்ளிகளில் இரண்டு தனிச் சிக்கல்கள். ஒன்று, குரங்கு. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்துவிட்டால் நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம். எங்கள் பள்ளியில் இதற்குப் பெற்றோர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இன்னொன்று பனி. நவம்பர் முதல் ஜனவரி வரை மேகம் அறைக்குள்ளேயே வரும், ஜன்னலைத் திறக்க யாருக்கும் மனம் வராது. அப்போது மேலே உள்ள வென்டிலேட்டரை அடைக்காமல் விடுங்கள். ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் பத்து நிமிடம் ஜன்னலையும் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஸ்வெட்டரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம்.

தொற்று பரவும் நாட்களில் சாப்பாடு வெளியே, மரத்தடியில் அல்லது வராந்தாவில், இரண்டு பந்தியாக. பகிர்ந்து சாப்பிடுவதை விடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனாலும் விட்டோம்.

5. மாஸ்க்கும் மலைப் பேருந்தும்

ஐ.எஸ். 9473 என்ற எண் அச்சிட்ட என்95 வாங்குங்கள். வால்வு வைத்தது வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். ஐந்து மாஸ்க் வாங்கி, கிழமைக்கு ஒன்றாகப் போட்டு, பயன்படுத்தியதைக் காகிதப் பையில் வைத்தால் சுற்றி வரலாம். துவைக்காதீர்கள். நாடா தளர்ந்தாலோ நனைந்தாலோ தூக்கிப் போடுங்கள். மாஸ்க்கோடு நாற்பது நிமிடம் கத்திப் பாடம் நடத்தினால் தொண்டை போய்விடும். கழுத்தில் மாட்டும் சிறிய மைக் ஒன்றைப் பள்ளியில் கேளுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் போய்வருபவர்கள் கவனிக்க வேண்டியது பேருந்து. இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஒரு மணி நேரம், குளிருக்கு ஜன்னல் எல்லாம் இறக்கியிருக்கும், குமட்டல் வந்து பாதிப் பேர் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள். உங்கள் நல்ல மாஸ்க்கைப் பேருந்துக்குத்தான் போட வேண்டும். உங்கள் இருக்கைக்கு அருகில் உள்ள ஜன்னலை நான்கு விரல் அளவாவது திறந்து வையுங்கள்.

6. துப்புரவுப் பணியாளர், ஆயா, சமையலர்

ஆபத்து அதிகம் இவர்களுக்கு, தாள்கள் குறைவு இவர்களுக்கு. ஏஜென்சி மூலம் வந்தவர் என்றாலும், இ.எஸ்.ஐ. கட்டப்படுவதை உறுதி செய்யும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான பள்ளி நிர்வாகத்துக்கும் உண்டு. ‘அவங்க கான்ட்ராக்ட்’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

கிருமிநாசினி: 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அன்றன்று கலக்க வேண்டும், திறந்த இடத்தில், கையுறையோடு. துடைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. இதை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு நேரில் காட்டிச் சொல்ல வேண்டும். மனிதர்கள் மேல் மருந்து தெளிப்பதை 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். சமையலறையில் அடுப்புக்கு அருகே வைக்க வேண்டாம், அங்கே சோப்புதான்.

7. எதையும் எழுத்தில் கேளுங்கள்

வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. தலைமை ஆசிரியருக்கு அரைப் பக்கக் கடிதம் போதும்.

‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எனக்கு ஆஸ்துமா உள்ளது (மருத்துவச் சீட்டு நகல் இணைப்பு). தொற்று பரவும் இக்காலத்தில் நேரடியாகக் கூட்டத்தைக் கையாளும் வாசல் பணியிலிருந்து விலக்கி, வேறு பணி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்டாஃப் ரூம் ஜன்னல்களைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன்.’

2020 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் பள்ளிகளுக்குத் தந்த வழிமுறையிலேயே வயதானவர்கள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோய் உள்ளவர்களை மாணவரோடு நேரடித் தொடர்புள்ள முன்களப் பணியில் விடாமல் இருப்பது நல்லது என்று இருந்தது. கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்க்கலாம். நகலில் ‘பெறப்பட்டது’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வையுங்கள். கோபமாக எழுத வேண்டாம். தலைமை ஆசிரியரும் இந்தக் கடிதத்தை மேலே காட்டித்தான் பணம் கேட்க வேண்டியிருக்கும்.

8. காய்ச்சல் வந்த அன்று

பள்ளிக்குப் போகாதீர்கள். காலையிலேயே தலைமை ஆசிரியருக்குச் செய்தி அனுப்புங்கள். அந்தச் செய்திதான் உங்கள் முதல் ஆவணம். அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். பள்ளி எண்ணைக் கொடுத்த ஒருவருக்கு முடிவு வந்தது மூன்று நாள் தெரியவே இல்லை.

அன்றே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பித் தகவல் சொல்லி, சான்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனைச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு கடைசியில் போனால், அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. அரசுப் பள்ளி ஊழியர்கள் மருத்துவ விடுப்பா, தனிமைப்படுத்தலுக்கான சிறப்புத் தற்செயல் விடுப்பா என்று அலுவலகத்தில் அன்றே கேட்டு, அதற்கேற்ற சான்றை வாங்குங்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வீட்டில் படுத்துக்கொண்டே ஆன்லைன் வகுப்பு எடுக்காதீர்கள். நான் மூன்று நாள் எடுத்தேன். வேலை செய்த நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடையாது. அந்த நாட்களுக்குப் பள்ளியும் சம்பளம் தரவில்லை, இ.எஸ்.ஐ.யும் தரவில்லை. உதவித்தொகை பெறும் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்க முடியாது என்று அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டம் சொன்னது. அதனால் பயந்துகொண்டு லேப்டாப்பைத் திறக்க வேண்டாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்துகூட வாங்கலாம். ஏற்காட்டுக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் அளவு குறைவாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரலில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே போனால் 108-ஐ அழையுங்கள். ஆறு நிமிடம் அறைக்குள் நடந்த பிறகு மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மலைமேல் இருப்பவர்கள் இன்னும் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். இரவில் பனியில் இருபது வளைவுகளையும் கடந்துதான் சேலம் அரசு மருத்துவமனைக்கு வர முடியும். அளவு மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால், இருட்டுவதற்கு முன் கீழே வந்துவிடுங்கள்.

9. திரும்பப் பணியில் சேரும்போது

கடைசியாக 2022 ஜனவரியில் வந்த வீட்டுத் தனிமை விதிப்படி, தொற்று உறுதியாகி ஏழு நாள் கழிந்து, தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் தனிமை முடிந்தது, மறுபரிசோதனை தேவையில்லை. இருந்தும் ‘நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வா’ என்று கேட்ட பள்ளிகள் உண்டு. நோய் போன பின்னும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம். அதற்காகச் செலவு செய்துகொண்டே இருக்காதீர்கள். அந்த நேரத்து விதியின் நகலைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

அரசு ஊழியருக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். இ.எஸ்.ஐ. என்றால், வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் இறுதிச் சான்றை மருந்தகத்தில் வாங்கிய பின்பே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நாள் முன்னால் போட்டுவிட்டாலும் சான்றும் பதிவேடும் முரண்படும், கோரிக்கை அங்கேயே நிற்கும். சேர்ந்த வாரத்திலேயே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உதவித்தொகைக் கோரிக்கையைக் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அதையும் கோப்பில் வையுங்கள். முப்பது நாளில் பணம் வராவிட்டால், ஒப்புகை நகலோடு நேரில் போய்க் கேளுங்கள்.